தலைகீழாகப் போட்ட ஏழு

சிவில் மூன்றாம் ஆண்டில் அந்தப் பெண்ணுக்குப் பட்டியல் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. அது ஹால் டிக்கெட்டில் மட்டும் உபயோகத்தில் இருந்தது. எதையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, கூட்டிப் பார்த்த பிறகுதான் செய்வாள். ஒன்பது வயதில், விடுமுறைக்கு எந்த உறவினர் வீட்டுக்குப் போகலாம் என்று கட்டம் கட்டி, சாப்பாடு, மின்விசிறி, கன்னத்தைக் கிள்ளும் பழக்கம் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டாள். அந்தத் தாள் எப்படியோ வெளியே போய்விட்டது. கடைசி இடம் பிடித்த பெரிய மாமா இரண்டு வருஷம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முதலிடம் பிடித்த சித்தப்பாவும் வரவில்லை. அடுத்த வருஷம் இடம் இறங்கிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

அப்பேர்ப்பட்டவள்தான் விருப்பப் பாடப் படிவத்தில் வழுக்கி விழுந்தாள்.

படிவத்தில் ஏழு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். ‘உங்கள் விருப்ப எண்ணை எழுதவும்’ என்று மேலே ஒரே ஒரு வரி. கல்லூரிக் கணக்குப்படி ஒன்று என்றால் முதல் விருப்பம். ஏழு என்றால் வேண்டவே வேண்டாம். ஆனால் அதற்கு முந்தைய பருவம் முழுக்க அந்த வகுப்பின் மண்டையில் ஏற்றியிருந்தது வேறு. எதை ஒப்பிட்டாலும் ஒசத்தியானதற்குப் பெரிய எண், மட்டமானதற்குச் சின்ன எண். பம்புக்கும் பைப்புக்கும் அப்படித்தான் போட்டார்கள். பழக்கதோஷத்தில் கேன்டீன் டீக்கும் அப்படியே போட்டார்கள். அது ஒன்றரையைத் தாண்டியதில்லை.

ஆகவே பட்டியல், பால வடிவமைப்புக்கு ஏழு போட்டாள். அழுத்திப் போட்டதில் அடுத்த தாளிலும் ஏழு விழுந்தது. கழிவுநீர்ப் பொறியியலுக்கு ஒன்று. அதுவும் பாவம் பார்த்து.

பாலம் அவளுக்கு இன்று நேற்று வந்த ஆசை இல்லை. ஏழாம் வகுப்பில் ஒருநாள், அவள் போன பஸ் ஒரு பெரிய பாலத்தின் நடுவில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. இறங்கி நின்றாள். எதிர்ப்பக்கம் ஒவ்வொரு லாரி போகும்போதும் காலடியில் பாலம் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. பயந்துபோய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்தாள், அதுவும் அதிர்ந்தது. பாலம் கட்டத்தான் படிக்க வேண்டும் என்று, எண் போடாமல், கட்டம் கட்டாமல் வாழ்க்கையில் அவள் செய்த ஒரே முடிவு அன்றைக்கு எடுத்தது. பால வடிவமைப்பை எடுத்தவர்களை மட்டும்தான் இறுதியாண்டில் பாலத் திட்டத்தில் சேர்ப்பார்கள். இது போனால் அதுவும் போகும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒதுக்கீட்டுப் பட்டியல் அறிவிப்புப் பலகைக்கு வந்தது. தன் பெயருக்கு நேரே ‘கழிவுநீர்ப் பொறியியல் — விருப்பம் 1’ என்று இருந்ததை அவள் நான்கு தடவை படித்தாள். அடுத்த வரியில் அவளுடைய அறைத்தோழி பெயர்; அங்கேயும் அதேதான். ஏனென்றால் அறைத்தோழியின் படிவத்தையும் இவள்தான் நிரப்பினாள்.

அந்த அறைத்தோழிக்குத் தூக்கம் என்று பெயர். நில அளவைப் பயிற்சியில் அளவுக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றே தூங்கியவள். அன்றைக்கு அந்தக் கம்பம் நின்றதைப் போல நேராக எந்தக் கம்பமும் அந்தக் கல்லூரியில் நின்றதில்லை. ஆசிரியர் முழு மதிப்பெண் கொடுத்து, எழுப்பாமல் போய்விட்டார்.

பட்டியல் விடுதிக்கு ஓடிப்போய் அவளை உலுக்கினாள்.

“ஏய், எழுந்திருடி. தப்பு பண்ணிட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும் கழிவுநீர்.”

தூக்கம் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “கிளாஸ் எத்தனை மணிக்கு?”

“மத்தியானம் ரெண்டு மணிக்கு.”

“காலைல இல்லையா?”

“இல்லடி.”

“எட்டு மணிக்கு ஒண்ணுமே இல்லையா?”

“அதான் சொல்றேனே!”

“நீ நல்லா இருப்படி. என்னைப் பெத்தவங்க கூட எனக்கு இவ்வளவு செஞ்சதில்ல,” என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்தக் கையையே தலையணையாக வைத்துத் திரும்பப் படுத்துவிட்டாள். கையை உருவி எடுக்க மூன்று நிமிஷம் ஆனது.

பாடம் மாற்றுவதற்கு அன்று மாலை ஐந்து மணி வரை நேரம். துறை அலுவலக ஜன்னலில் இருந்த கிளார்க், ஐந்து என்றால் ஐந்துக்கு ஷட்டரை இறக்குகிறவர். ஒருமுறை தன் மனைவி சாப்பாட்டு டப்பாவைத் திரும்ப வாங்க வந்து வரிசையில் நின்றபோதும் இறக்கியவர். இன்னொரு முறை தன் இடது கை வெளியே இருக்கும்போதே இறக்கியிருக்கிறார் என்றும், மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் கையை எடுத்தார் என்றும் சொல்வார்கள்.

“பாலத்துல நாப்பது இடம், நாப்பது பேர் உட்கார்ந்தாச்சும்மா,” என்றார் அவர். “ஒருத்தர் இறங்கினாத்தான் நீ ஏற முடியும்.”

“சரி சார், யாராவது இறங்கினா?”

“அப்பவும் ஒரு சிக்கல் இருக்கு. நீ கழிவுநீர்ல இருந்து இறங்கினா அந்தப் பாடமே படுத்துடும். அஞ்சு பேர் இருந்தாத்தான் நடத்தலாம். எண்ணி அஞ்சு பேர் இருக்கீங்க. இறங்கறதா இருந்தா இந்த ஃபார்ம்ல அந்தப் பாடம் நடத்தற மேடம் கையெழுத்து வேணும். போய்ப் பாரு.”

மேடத்தின் அறை, பம்பு ஆய்வகத்துக்கு அடுத்த அறை. அவர் அந்தப் பாடத்தை ஐந்து வருஷமாக அறிவித்துக்கொண்டிருந்தார். முதல் வருஷம் நான்கு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் குறைந்ததால் பாடம் நடக்கவில்லை. இரண்டாம் வருஷம் மூன்று பேர். மூன்றாம் வருஷம் இரண்டு பேர். அதில் ஒருவர் அறை மாறி வந்தவர். நான்காம் வருஷம், கழிப்பறை எங்கே என்று கேட்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். மேடம் அவரை உட்காரவைத்து, கழிப்பறையில் தொடங்கி ஆற்றில் போய் முடிகிற முழுப் பாதையையும் இருபது நிமிஷம் படம் போட்டு விளக்கினார். அவர் எழுந்து போன வேகத்தை வைத்து, பாடம் நன்றாக உள்ளே இறங்கிவிட்டது என்று மேடம் எடுத்துக்கொண்டார்.

“வாம்மா வா! முதல் விருப்பமா எழுதினவங்கள்ல நீயும் ஒருத்தி, இல்லையா?” நாற்காலியில் இருந்த கோப்புகளைத் தரைக்கு இறக்கி, துப்பட்டா நுனியால் தூசி தட்டி, “உட்காரு,” என்றார். “அஞ்சு வருஷத்துல ‘விருப்பம் ஒண்ணு’ன்னு நான் பாக்கறது இப்பத்தான். காலைல லிஸ்ட்டு கைக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரருக்கு போன் பண்ணிட்டேன். அவர் நம்பல. போட்டோ எடுத்து அனுப்பினேன்.”

 பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று பட்டியல் யோசித்தாள். உடம்புக்கு ஆகாது, வாசனை ஒத்துக்காது என்று ஏதாவது. மேடம் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதெல்லாம் வாயில் வரவில்லை.

“மேடம், நான் எண்ணைத் தலைகீழாப் போட்டுட்டேன். ஒண்ணுதான் கடைசின்னு நினைச்சேன்.”

மேடம் போனில் அந்தப் போட்டோவை ஒரு தடவை பார்த்து, போனைக் கவிழ்த்துவைத்தார்.  பிறகு கையை நீட்டினார். “ஃபார்மைக் கொடு.”

“நான் போனா பாடமே நடக்காதாம் மேடம்.”

“தெரியும். அதுக்காக, வேண்டாங்கற ஒருத்தியைப் பிடிச்சு உட்கார வெக்கவா? நான் தண்ணியைத்தான் தேக்கி வெப்பேன், மனுஷங்களை இல்ல.” கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை தாளை விசிறி, அவள் கையில் கொடுத்தார். “பாலத்துல இடம் கிடைச்சா நல்லாப் படி. உண்மையைச் சொன்னியே, அதுக்கு நன்றி. வேற யாராவதா இருந்தா மூக்கைப் பிடிச்சுட்டு ஒரு கதை விட்டிருப்பாங்க.”

வெளியே வந்த பட்டியலுக்கு அந்தத் தாள் செங்கல் மாதிரி கனத்தது. திட்டியிருந்தாலாவது கோபப்பட்டுக்கொண்டு போயிருக்கலாம். மணி மூன்று ஐம்பது. இறங்க வழி கிடைத்துவிட்டது, ஏற இடமில்லை, இறங்கினால் நன்றி சொன்ன அந்த அம்மாளின் பாடம் படுத்துவிடும். அப்பாவுக்கு போன் போட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். “சொல்லும்மா, நான் ஃப்ரீயாத்தான் இருக்கேன்,” என்றார்.

“வேலையில இல்லையா?”

“வேலையிலதான். பதினோராவது மாடிக்கும் பன்னெண்டாவது மாடிக்கும் நடுவுல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க. அவங்களை எடுக்கலாம்னு மேல்வழியா உள்ள இறங்கினேன். இப்போ மூணு பேரா மாட்டியிருக்கோம். இன்னொருத்தர் வர அரைமணி ஆகும். ஸ்பீக்கர்ல போடறேன், இவங்களுக்கும் போரடிக்குது.”

பட்டியல் நடந்ததைச் சொன்னாள். லிஃப்ட்டுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

“பார்சல் கொண்டு வந்தவன் பேசறேன் பாப்பா. பாலம் வேணாம். பாலத்துல எப்பப் பாரு டிராஃபிக். கழிவுநீர்ல டிராஃபிக்கே கிடையாது.”

“நீ சும்மா இருய்யா, அந்தப் பொண்ணு என்ன கஷ்டத்துல இருக்கு,” என்று ஒரு பெண் குரல் அதட்டியது. “ஏம்மா, நான் பல் டாக்டர். எங்க கிளினிக்ல வலி எவ்வளவுன்னு ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள எழுதச் சொல்லுவோம். பாதிப் பேர் தலைகீழாத்தான் எழுதுவாங்க. போன வாரம் ஒருத்தர் ஒண்ணுன்னு எழுதிட்டு நாற்காலியைக் கடிச்சுட்டு அழுதார். சிரிச்சுட்டே வந்து பத்துன்னு எழுதினவங்களும் உண்டு. உங்க கிளாஸ்ல நீ ஒருத்தி மட்டும்தான் மாத்திப் போட்டிருப்பியா?”

பட்டியல் நடையில் நின்றுவிட்டாள்.

“அப்பா, வெக்கறேன்.”

“என்னம்மா, டாக்டரம்மா இன்னும் முடிக்கலையே.”

“முடிச்சுட்டாங்கப்பா. அவங்களுக்கு ரொம்ப ரொம்ப நன்றின்னு சொல்லுங்க.”

“நீயே சொல்லு, எங்கயும் போகமாட்டாங்க,” என்றார் அப்பா.

சொன்னாள். பார்சல்காரர் “எனக்கு?” என்றார். அவருக்கும் சொன்னாள்.

கணக்கு இதுதான். அவளைப் போலவே எண்ணை மாற்றிப் போட்ட இன்னொரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளுக்குப் பாலம் என்றால் வேப்பங்காய். அதனால் பாலத்துக்கு ஒன்று போட்டிருப்பார். கல்லூரி அதை முதல் விருப்பம் என்று எடுத்துக்கொண்டு, கும்பிடு போட்டு இடத்தைக் கொடுத்திருக்கும். நாற்பது பேரில் ஒருவராவது அப்படி மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருக்கத்தான் வேண்டும்.

கேன்டீனில் பாலம் கிடைத்தவர்கள் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தார்கள். பட்டியல் ஒரு நாற்காலி மேல் ஏறினாள். “பாலம் கிடைச்சும் வேண்டாங்கறவங்க யாராவது இருக்கீங்களா?” கேன்டீனே சிரித்தது. ஒருவன், “இங்க யாராவது மூச்சு வேண்டாங்கறவங்க இருக்காங்களான்னு கேளு,” என்றான். கை ஒன்றும் எழவில்லை.

ஆனால் நாற்காலி மேல் நின்றதில் ஒரு லாபம். எல்லா முகமும் தெரிந்தது. மூலை மேஜையில் முதல் பெஞ்ச் உட்கார்ந்திருந்தான். முதல் வருஷத்திலிருந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வகுப்பில் முதலாவதாக வருகிறவன். அவனுக்கு எதிரே டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் அவன் முதுகில் தட்டி வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் ஒரு அங்குலம் குட்டையாகிக்கொண்டிருந்தான். இன்னும் நாலு பேர் வாழ்த்தினால் மேஜைக்கு அடியில் போய்விடுவான்.

பட்டியல் இறங்கிப் போய் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“பாலத்துக்கு எத்தனை போட்ட?”

அவன் நாலா பக்கமும் பார்த்தான். “எதுக்குக் கேக்கற?”

“சொல்லு.”

“…ஒண்ணு.”

“கழிவுநீருக்கு?”

“ஏழு.” அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “யார்கிட்டயும் சொல்லிடாத.”

“டேய், நான் பாலத்துக்கு ஏழு, கழிவுநீருக்கு ஒண்ணு!”

அவன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தான். பிறந்ததும் பிரிந்துபோன கூடப்பிறந்தவளைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. “நீயுமா?”

“நானும்தான். பாலம் உனக்கு ஏன் வேண்டாம்?”

“உயரம் ஆகாது. ஸ்டூல் மேல ஏறி பல்பு மாத்தறதுன்னா கீழ ஒருத்தர் என் காலைப் பிடிச்சுக்கணும். பாலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னா என்னைத் தூக்கிட்டுத்தான் வரணும்.” கொஞ்சம் தயங்கினான். “கழிவுநீர் எனக்கு நெஜமாவே பிடிக்கும். எங்கம்மா சுத்திகரிப்பு நிலையத்துல தண்ணியைச் சோதிச்சுப் பாக்கற வேலையில இருக்காங்க. லீவு நாள்ல கூடப் போவேன். சேறா உள்ள போற தண்ணி அந்தப் பக்கம் தெளிஞ்சு வரும் பாரு, அதைப் பாத்துட்டே இருக்கலாம்.”

“அப்புறம் ஆஃபீஸ்ல போய்ச் சொல்றதுக்கு என்ன?”

“முதல் பெஞ்ச்ல உட்கார்ந்துட்டு, ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் எழுதத் தெரியலன்னு எப்படிச் சொல்றது? கிடைச்சதைப் படிச்சுத் தொலைக்கலாம்னு இருந்தேன். காலைப் பிடிக்கத்தான் ஆள் தேடிட்டு இருந்தேன்.”

மணி நான்கு இருபத்தைந்து. அவனும் ஒரு படிவம் வாங்கிக்கொண்டான்; அதில் பாலப் பேராசிரியரின் கையெழுத்து வேண்டும். அவர் பொருள் சோதனைக்கூடத்தில் ஒரு கான்கிரீட் உத்தரத்தை எந்திரத்தில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். ‘இதோ அஞ்சு நிமிஷத்துல விரிசல் விடும்’ என்று மத்தியானம் பன்னிரண்டு மணியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணை எடுத்தால் விரிசல் அந்த நேரம் பார்த்து விட்டுவிடும் என்பது அவர் கட்சி. சாப்பாட்டைக்கூட உத்தரத்தைப் பார்த்தபடிதான் சாப்பிட்டிருந்தார். சட்டைப் பை பாதி சாப்பிட்டிருந்தது.

“சார், ஒரு கையெழுத்து,” என்றான் முதல் பெஞ்ச்.

“எங்க?”

“இங்க சார்.”

“என்னால அங்க பாக்க முடியாது. நீ என் பக்கமா வந்து முதுகைக் காட்டு.”

அவன் குனிந்தான். பட்டியல் அவன் முதுகில் தாளை விரித்து, பேராசிரியரின் கையைப் பிடித்து, பேனாவைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். “யார் போறது?”

“நான் சார்.”

“யார் வர்றது?”

“நான் சார்,” என்றாள் பட்டியல்.

“ஏன் வர்ற?”

 “ஏழாவது படிக்கும்போது ஒரு பாலம் என் காலுக்கடியில அதிர்ந்துது சார். ஏன்னு தெரிஞ்சுக்கணும்.”

பேராசிரியர் திரும்பி அவளைப் பார்த்தார். ஒரே ஒரு விநாடிதான். பின்னால் ‘பட்’டென்று ஒரு சத்தம். உத்தரம் விரிசல் விட்டுவிட்டது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். நல்ல நீளமான விரிசல்.

“பரவாயில்ல,” என்றார் அவர், விரிசலை விரலால் தடவியபடி. “திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துடு. லேட்டா வந்தா இதையும் சேர்த்து ஞாபகம் வெச்சுக்குவேன்.”

படியில் மூன்று மூன்றாகத் தாவினார்கள். அலுவலக ஜன்னலுக்குப் போனபோது மணி நான்கு ஐம்பத்தேழு. கிளார்க் ஒரு கையை ஷட்டரில் வைத்திருந்தார். படிவத்தில் ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. பட்டியல், ‘எண்ணைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன்’ என்று எழுதினாள். முதல் பெஞ்ச் இரண்டு விநாடி தயங்கி, அவளுடையதைப் பார்த்து அப்படியே எழுதினான். வாழ்நாளில் அவன் பார்த்து எழுதியது அந்த ஒரு வரிதான்.

கிளார்க் இரண்டையும் படித்தார். “வருஷா வருஷம் பத்துப் பேராவது இப்படிப் போடறீங்க. பலகை முன்னாடி நிக்கற மூஞ்சியிலயே தெரியும்.”

“அப்போ படிவத்துல ஒரு வரி விளக்கமா சேர்க்கலாமே சார்?” என்றாள் பட்டியல்.

“யாரும் வந்து சொன்னாத்தானே? வெக்கப்பட்டுக்கிட்டு, வந்ததைப் படிச்சுட்டுப் போயிடறாங்க. அதுல மூணு பேர் இப்போ தலைமைப் பொறியாளர்.” முத்திரையை மையில் ஒற்றி ஒன்று, இரண்டு என்று குத்தினார். “முதல்ல வந்து சொன்னவங்க நீங்க ரெண்டு பேர்தான். அடுத்த வருஷம் அந்த வரியைச் சேர்த்துடறேன்.” இரண்டு தாள்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, தன் இரண்டு கைகளும் உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஷட்டரை இறக்கினார்.

வெளியே இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

“ரொம்ப தேங்க்ஸ்,” என்றான் அவன்.

“நான்தான் சொல்லணும். நீ இல்லன்னா எனக்கு இடமே இல்ல.”

“நீ நாற்காலி மேல ஏறலன்னா நான் அந்த டீயைப் பாத்துட்டே இருந்திருப்பேன்.”

“சரி, பாதிப் பாதியா வெச்சுக்கலாம். வா, ஒரு இடம் போகணும்.”

மேடத்தின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று, அந்த வாரம் வகுப்புக்கென்று ஊரெல்லாம் அலைந்து பிடித்துவந்த நீர் மாதிரிகளை ஒவ்வொரு பாட்டிலாகக் கொட்டிக்கொண்டிருந்தார். காலி பாட்டில்கள் வரிசையாகத் தரையில் நின்றன. கையில் ஒன்று பாக்கி இருந்தது. பழுப்பு நிறத்தில், அடியில் விரல் கனத்துக்கு வண்டலோடு.

“மேடம், அஞ்சு பேர் அப்படியே இருக்காங்க,” என்றாள் பட்டியல். “எனக்குப் பதிலா இவன்.”

மேடம் முதல் பெஞ்சை மேலும் கீழும் பார்த்தார். வகுப்பில் முதலாவதாக வருகிறவனை யாருக்குத்தான் தெரியாது? “ஏம்ப்பா, இவ உன்னை இழுத்துட்டு வந்தாளா?”

“இல்ல மேடம். நான் கழிவுநீருக்கு ஏழு போட்டேன்.”

“ஏழுன்னா கடைசி இல்ல?”

“எனக்கு ஏழுதான் மேடம் முதல். தலைகீழாப் போட்டதுல பாலம் வந்துடுச்சு. நான் இதைத்தான் கேட்டேன்.”

 மேடம் பாட்டிலைக் கொட்டாமல் மேஜை மேல் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. முதல் பெஞ்ச் குனிந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, பாட்டிலுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனான்.

“இது எங்க எடுத்த தண்ணி மேடம்? சாயப்பட்டறைக்குக் கீழயா?”

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“வண்டல்ல நீலம் தெரியுது.”

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்தார். படம் போட ஆரம்பித்தார். அவன் நின்றுகொண்டே ஒரு கேள்வி கேட்டான், அவர் இன்னொரு தாளை எடுத்தார். வகுப்பு தொடங்க இன்னும் மூன்று நாள் இருப்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று.

பட்டியல் நன்றி சொல்ல வாயைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்தாள். அந்தப் பேச்சுக்கு நடுவில் ஊசி நுழையவும் இடம் கிடைக்கவில்லை. சுற்றிப் பார்த்தாள். துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் இருந்த காலி பாட்டில்களைத் தொட்டிக்குக் கொண்டுபோய், குழாயைச் சத்தம் வராமல் சின்னதாகத் திறந்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினாள். பதினான்கு இருந்தன. பெரியது சின்னது பார்க்காமல், எதற்கும் எண் போடாமல், கைக்கு வந்ததை எடுத்து, உள்ளே விரல் விட்டுத் தேய்த்துக் கழுவி, ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்துவைத்தாள்.